வேற்று லென்சும் ஒரு மயிரிழையும்

1950-ஆம் ஆண்டு. ஜப்பானின் தலைநகரான டோக்கியோவில் டேவிட் டக்ளஸ் டங்கன் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் தங்கியிருந்தார். 'லைஃப்' என்னும் பத்திரிகைக்குப் படம் எடுத்து அனுப்புவது அவர் வேலை. அவர் கையில் இருந்தது ஜெர்மனியில் செய்த லைக்கா காமிரா. காமிராவும் லென்சும் ஜெர்மனியிலிருந்துதான் வர வேண்டும் என்று உலகம் நம்பிய காலம் அது.

ஜுன் மிக்கி என்ற ஜப்பானியப் புகைப்படக்காரர் டங்கனையே ஒரு படம் எடுத்து, பெரிதாக்கிய பிரதியைக் கொண்டுவந்து காட்டினார். அந்தப் படத்தை எடுத்தது டோக்கியோவில் நிப்பான் கோகாக்கு நிறுவனம் செய்த 85 மி.மீ. நிக்கோர் லென்சு. படத்தின் தெளிவைக் கண்டு டங்கன் வியந்தார். அந்த நிறுவனத்தின் லென்சுகளை வாங்கித் தம் லைக்காவில் பொருத்திக்கொண்டார். அதே ஆண்டு ஜூன் மாதம் கொரியப் போர் மூண்டது. ஜெர்மன் காமிராவும் ஜப்பானிய லென்சுமாக டங்கன் போர்முனைக்குப் புறப்பட்டார். அவர் அனுப்பிய படங்களின் துல்லியம் நியூயார்க்கில் பேச்சாயிற்று.

மாணவ நண்பர்களே, இங்கே ஒரு கேள்வி எழுகிறதல்லவா? வெட்ஸ்லர் நகரில் செய்த காமிராவில் டோக்கியோவில் செய்த லென்சு எப்படிச் சரியாகப் பொருந்தியது? மரை பொருந்தினால் போதுமா? போதாது. ஏன் போதாது என்பதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப்போகிறோம்.

லென்சு காண்பதைக் கண் காணாது

காமிரா என்பது ஒளி புகாத ஒரு பெட்டி. முன்னால் குவிலென்சு, பின்னால் பிலிம். மிகத் தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் லென்சின் குவியத் தொலைவில் விழுகிறது. பொருள் அருகே வர வர, பிம்பம் பின்னால் தள்ளி விழும். பிலிமோ அசையாது. ஆகவே அருகிலுள்ள பொருளைப் படம் எடுக்க, லென்சை முன்னே நகர்த்த வேண்டும். எவ்வளவு நகர்த்துவது என்பதுதான் சிக்கல்.

ஸ்டூடியோக்காரரின் பழைய பெரிய காமிராவில் இது எளிது. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, சொரசொரப்பான கண்ணாடியில் விழும் பிம்பத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். எஸ்.எல்.ஆர். வகைக் காமிராவிலும் ஒரு கண்ணாடி குறுக்கே நின்று லென்சின் பிம்பத்தைக் கண்ணுக்குக் காட்டும். லைக்கா போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் காமிராவில் அவ்வாறு இல்லை. நாம் பார்ப்பது லென்சுக்கு மேலே உள்ள வேறொரு சிறு சாளரத்தின் வழியாக. அதில் எல்லாம் எப்போதும் தெளிவாகவே தெரியும். லென்சுக்குத் தெரிவது பிலிமுக்கு மட்டுமே தெரியும். தவறு நடந்திருந்தால், பிலிமைக் கழுவிய பிறகுதான் அது வெளிப்படும். போர்முனையில் அந்தக் கணம் திரும்பி வருமா?

அப்படியானால் லென்சு சரியான இடத்தில் நிற்கிறது என்பதற்கு யார் சாட்சி? அதுதான் தொலைவுமானி.

இரண்டு சாளரங்களின் கணக்கு

கையை நீட்டிக் கட்டை விரலை உயர்த்திப் பிடியுங்கள். முதலில் இடக் கண்ணை மூடுங்கள். பிறகு வலக் கண்ணை மூடுங்கள். பின்னாலுள்ள சுவரின்மேல் விரல் இடம் மாறித் தாவுவதைக் காண்பீர்கள். விரலை முகத்தருகே கொண்டுவந்தால் தாவல் அதிகமாகும். எதிர்த் தெருக் கம்பமோ ஏறக்குறைய தாவுவதே இல்லை. இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். தாவலின் அளவிலிருந்து தொலைவைக் கணக்கிடலாம்.

தொலைவுமானியின் தத்துவம் இதுவே. காமிராவில் இரண்டு சிறு சாளரங்கள் இருக்கும். லைக்கா எம்3 காமிராவில் இவை ஏறக்குறைய 7 செ.மீ. இடைவெளியில் உள்ளன, நம் இரு கண்களின் இடைவெளியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு சாளரத்தின் காட்சி நேராகக் கண்ணுக்கு வருகிறது. மற்றதன் காட்சி, திரும்பக்கூடிய ஓர் ஒளியியல் உறுப்பில் பட்டு, முதல் காட்சியின்மேல் விழுகிறது. எனவே பொருள் இரட்டையாகத் தெரியும். அந்த உறுப்பை மெல்லத் திருப்பினால் இரண்டும் ஒன்றாகும். பொருள் 1 மீட்டரில் இருந்தால் இரு பார்வைக் கோடுகளுக்கு இடையே 4 பாகைக் கோணம். 2 மீட்டரில் 2 பாகை. 10 மீட்டரில் 0.4 பாகை; முடிவிலித் தொலைவில் சுழி.

இதைத் திருப்புவது யார்? லென்சுதான்! லென்சைத் திருகும்போது அது முன்னே நகர்கிறது. காமிராவின் உள்ளே நெம்புகோல் ஒன்றின் நுனியில் ஒரு சிறு உருளை இருக்கிறது. அது லென்சின் பின்விளிம்பை எப்போதும் தொட்டுக்கொண்டு, லென்சு நகர்ந்தால் தானும் நகரும். நெம்புகோல் அசையும், தொலைவுமானி திரும்பும். இரட்டைப் பிம்பம் ஒன்றாகும் கணத்தில் லென்சும் சரியான இடத்தில் நிற்க வேண்டும். 1932-இல் வந்த இரண்டாம் லைக்காவில் இந்த இணைப்பு அமைந்தது.

மூன்று அளவுகள்

லைக்காவை உருவாக்கியவர் ஆஸ்கர் பார்னாக். வெட்ஸ்லரில் மைக்ராஸ்கோப்பு செய்துவந்த லைட்ஸ் நிறுவனத்தில் அவர் பணியாற்றினார். 1925-இல் விற்பனைக்கு வந்த முதல் லைக்காவில் லென்சைக் கழற்ற முடியாது. 1930-இல் கழற்றி மாற்றும் லென்சு வந்தது. ஆனால் ஒரு குறை: ஒவ்வொரு லென்சையும் குறிப்பிட்ட ஒரு காமிராவுக்கென்றே பொருத்திச் சரிசெய்தார்கள். அந்தக் காமிராவின் எண்ணை லென்சிலும் பொறித்தார்கள். இன்னொரு காமிராவில் மாட்டினால் படம் மங்கும். தையற்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டை போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1931-இல் அளவுகள் ஒரு நிலைக்கு வந்தன. அதன்பின் எந்த லைக்கா லென்சும் எந்த லைக்காவுக்கும் பொருந்தும். அந்த அளவுகள் மூன்று.

முதலாவது மரை. விட்டம் 39 மி.மீ.; ஓர் அங்குலத்துக்கு 26 புரிகள். அதாவது ஒரு புரிக்கு 0.977 மி.மீ. ஜெர்மன் காமிராவில் அங்குலக் கணக்கு எப்படி வந்தது என்று கேட்கலாம். மைக்ராஸ்கோப்புப் பொருளருகு லென்சுகளில் ஆங்கில அங்குல மரையே நெடுங்கால வழக்கம். லைட்ஸ் அந்தத் தொழிலிலிருந்து வந்த நிறுவனம்.

இரண்டாவது, லென்சு உட்காரும் வளையத்தின் முகத்திலிருந்து பிலிம் வரை உள்ள தொலைவு. இது 28.8 மி.மீ. இதில் பிழை இருந்தால் தொலைவிலுள்ள மலைகூட மங்கும்.

மூன்றாவது அளவு கண்ணில் படாதது. ஆனால் மிக முக்கியமானது. லென்சு எவ்வளவு நகர்ந்தால் எவ்வளவு தொலைவு என்று காமிரா புரிந்துகொள்ள வேண்டும்? இதற்கு லைட்ஸ் நிறுவனம் தன் சாதாரண லென்சையே அளவுகோலாக வைத்தது. அதன்மேல் 50 மி.மீ. என்று பொறித்திருந்தாலும், அதன் உண்மையான குவியத் தொலைவு 51.6 மி.மீ. ஆகவே லைக்காவின் உருளை ஒரே ஒரு மொழியைத்தான் அறியும். அதை '51.6 மொழி' என்று நாம் அழைப்போம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மன் காப்புரிமைகள் செல்லாமல் போயின. ஜப்பான், சோவியத் நாடு, இங்கிலாந்து எனப் பல இடங்களில் இந்த அளவுகளைக் கொண்ட காமிராக்களும் லென்சுகளும் செய்யப்பட்டன. ஒரு நிறுவனத்தின் பட்டறை அளவு, உலகப் பொது அளவாயிற்று.

மொழிபெயர்க்கும் வளையம்

இப்போது ஒரு சிறு கணக்கு. லென்சு எவ்வளவு முன்நகர வேண்டும் என்பதை இப்படிக் காணலாம். குவியத் தொலைவை அதே எண்ணால் பெருக்குங்கள். பொருளின் தொலைவிலிருந்து குவியத் தொலைவைக் கழியுங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் வருவதே முன்நகர்வு. (உங்கள் பாடநூலில் உள்ள லென்சுச் சமன்பாட்டிலிருந்து இதைத் தருவிக்கலாம், முயன்று பாருங்கள்.)

பொருள் 1 மீட்டரில், அதாவது 1000 மி.மீ. தொலைவில் இருக்கிறது எனக் கொள்வோம்.

51.6 மி.மீ. லென்சு: 51.6-இன் வர்க்கம் 2662.56. இதை 948.4 ஆல் வகுக்க 2.81 மி.மீ.

டங்கன் வாங்கியது போன்ற 85 மி.மீ. லென்சு: 7225-ஐ 915 ஆல் வகுக்க 7.90 மி.மீ.

பார்த்தீர்களா? 85 மி.மீ. லென்சு 7.90 மி.மீ. நகர்ந்தால்தான் பிலிமில் தெளிவு கிடைக்கும். காமிராவின் உருளையோ 2.81 மி.மீ. நகர்ந்தால்தான் '1 மீட்டர்' என்று புரிந்துகொள்ளும். இரண்டையும் எப்படி ஒத்துப்போகச் செய்வது? லென்சின் உள்ளே இரண்டு தனித்தனி அசைவுகளை வைத்தார்கள். கண்ணாடிகள் ஒரு வேகத்தில் முன்னே செல்லும். உருளையைத் தொடும் பின்வளையம் வேறொரு வேகத்தில், குறைவாக நகரும். லென்சு தன் மொழியில் பேச, அந்த வளையம் 51.6 மொழியில் பெயர்த்துச் சொல்கிறது.

இந்த விகிதம் எல்லாத் தொலைவிலும் ஒன்றாகவும் இராது. 1 மீட்டரில் ஏறத்தாழ 2.81 மடங்கு, 3 மீட்டரில் ஏறத்தாழ 2.75 மடங்கு. அதற்கேற்பவும் வளையத்தைச் செதுக்க வேண்டும். நல்ல கண்ணாடி செய்தால் மட்டும் போதாது. இந்த வளையத்தையும் நேர்மையாகக் கடைய வேண்டும். டோக்கியோத் தொழிலாளிகள் இரண்டையும் செய்தார்கள். அதனால்தான் டங்கனின் படங்கள் தெளிவாக இருந்தன.

ஒரு மயிரிழை தவறினால்?

சோவியத் நாட்டில் ஜூபிடர்-8 என்ற லென்சு பெருமளவில் செய்யப்பட்டது. விலை குறைவு, தரமும் நன்று. ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனத்தார் கான்டாக்ஸ் காமிராவுக்காக உருவாக்கிய சோன்னார் லென்சின் வழிவந்தது அது. லைக்கா மரை கொண்ட வடிவிலும் அது கிடைத்தது. லைக்காவில் மாட்டினால் அழகாகத் திருகி உட்காரும். இதன்மேலும் 50 மி.மீ. என்ற குறிப்பே இருக்கும். ஆனால் கான்டாக்ஸ் வழிவந்த இந்த லென்சின் உண்மையான குவியத் தொலைவு 52.4 மி.மீ. இதன் பின்வளையம் மொழிபெயர்ப்பதில்லை. கண்ணாடி நகரும் அளவே தானும் நகர்கிறது.

1 மீட்டரிலுள்ள பொருளுக்கு இந்த லென்சு 2.90 மி.மீ. நகர வேண்டும். ஆனால் 2.81 மி.மீ. நகர்ந்ததுமே காமிராவின் இரட்டைப் பிம்பம் ஒன்றாகிவிடும். 'சரி, போதும்' என்று நாமும் நிறுத்திவிடுவோம். குறைவது 0.09 மி.மீ.; ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமன்! இந்தப் பற்றாக்குறையால் லென்சு 1 மீட்டருக்குப் பதிலாக ஏறத்தாழ 1 மீட்டர் 3 செ.மீ. தொலைவைத் தெளிவாக்கும். பாட்டியின் கண்ணைக் குறிவைத்துப் படம் எடுத்தால், கண் மங்கலாகவும் கன்னத்துக்குப் பின்னாலுள்ள இடம் தெளிவாகவும் வரும்.

மங்கல் எவ்வளவு என்பதையும் கணக்கிடலாம். லென்சின் துளை எஃப் 2 என்றால், ஒளிக்கூம்பின் நீளம் அதன் அகலத்தைப்போல் இரு மடங்கு. ஆகவே 0.09 மி.மீ. பிழைக்கு, ஒரு புள்ளி 0.045 மி.மீ. அகலமுள்ள வட்டமாக விரியும். 35 மி.மீ. பிலிமில் 0.03 மி.மீ. வரை உள்ள வட்டத்தைப் புள்ளியாகவே கண் ஏற்றுக்கொள்ளும் என்பது வழக்கமான கணக்கு. இங்கே அந்த எல்லை தாண்டிவிட்டது. படம் மங்கல்தான்.

இதே லென்சில் துளையை எஃப் 8 ஆகச் சுருக்குங்கள். 0.09-ஐ 8 ஆல் வகுக்க 0.011 மி.மீ. எல்லைக்குள் வந்துவிட்டது; தெளிவு! எஃப் 2-இலேயே வைத்து, பொருளை 3 மீட்டருக்குத் தள்ளுங்கள். அங்கே பிழை 0.03 மி.மீ.-க்கும் சற்றுக் குறைவு. வட்டம் 0.014 மி.மீ. மட்டுமே, அதுவும் தெளிவு. முடிவிலித் தொலைவில் பிழையே இல்லை.

ஆகவே 'இந்த லென்சு நல்லதா, கெட்டதா' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தத் தொலைவில், எந்தத் துளையில் என்று கேட்க வேண்டும். வெயிலில் தெருக் காட்சி எடுப்பவருக்கு அது குறையற்ற லென்சு. விளக்கொளியில் அருகிலிருந்து முகம் எடுப்பவரை அது ஏமாற்றும்.

இதைத் திருத்த முடியாதா? லென்சின் உள்ளே ஒரு மெல்லிய தகட்டு வளையத்தைச் சேர்த்துக் கண்ணாடிகளை 0.09 மி.மீ. முன்னே தள்ளலாம். 1 மீட்டரில் படம் தெளியும். ஆனால் இதுவரை சரியாக இருந்த முடிவிலித் தொலைவில் அதே 0.09 மி.மீ. பிழை வந்துவிடும்! அருகிலுள்ள முகத்தை அகன்ற துளையிலும் தொலைவிலுள்ள காட்சியைச் சுருங்கிய துளையிலும் எடுப்பவர்கள், தெரிந்தே இந்தச் சமரசத்தைச் செய்துகொள்வதுண்டு. மொழி வேறாக இருக்கும்போது ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் வாக்கியம் முழுவதும் சரியாகிவிடாது அல்லவா?

பழைய லென்சுகளுக்கு ஒரு மரியாதை

1954-இல் லைக்கா எம்3 வந்தது. அதில் திருகு மரைக்குப் பதிலாக, சிறிதளவு திருப்பினாலே பூட்டிக்கொள்ளும் புதிய வாய் இருந்தது. அப்படியானால் மக்களிடம் இருந்த பழைய லென்சுகளெல்லாம் வீணா? இல்லை. புதிய காமிராவில் வளைய முகத்திலிருந்து பிலிம் வரை 27.8 மி.மீ. வைத்தார்கள். பழைய 28.8-இலிருந்து இதைக் கழியுங்கள்: சரியாக 1 மி.மீ. அந்த 1 மி.மீ. கனத்தில் ஓர் இணைப்பு வளையம் போட்டால், பழைய மரை லென்சு புதிய காமிராவில் தனக்குரிய இடத்தில் நிற்கும். உருளையும் அதே 51.6 மொழியையே பேசியது.

இந்தத் தொடர்ச்சி இன்றும் அறுபடவில்லை. 1999-இல் ஜப்பானின் கொசினா நிறுவனம், வாய்க்லாண்டர் என்ற பழைய ஜெர்மன் பெயரில், 39 மி.மீ. மரை கொண்ட புதிய காமிராவையும் லென்சுகளையும் வெளியிட்டது. அண்மை ஆண்டுகளில் சீனாவில் செய்யப்படும் சில லென்சுகளில், உருளையைத் தொடும் பகுதியை வாங்குபவரே ஒரு சிறு திருப்புளியால் திருத்திக்கொள்ள வசதி உண்டு.

செய்து பாருங்கள்

விலையுயர்ந்த காமிரா இல்லாமலே இதைச் சோதிக்கலாம். கண்ணாடிக் கடையில் 5 டயாப்டர், 4 டயாப்டர் குவிலென்சுகள் கிடைக்கும். அவற்றின் குவியத் தொலைவு முறையே 20 செ.மீ., 25 செ.மீ.

1. அறையை இருட்டாக்கி, மேசைமேல் 20 செ.மீ. லென்சை நிறுத்துங்கள். அதிலிருந்து 1 மீட்டரில் எரியும் மெழுகுவத்தி ஒன்றை வையுங்கள். (பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்.) மறுபுறம் வெள்ளை அட்டையை நகர்த்தித் தெளிவான பிம்பத்தைப் பிடியுங்கள். லென்சிலிருந்து 25 செ.மீ.-இல் அது விழும். குவியத் தொலைவுக்கு மேல் 5 செ.மீ.

2. இப்போது 25 செ.மீ. லென்சை அதே இடத்தில் மாற்றி வையுங்கள். இதற்கும் அதே '5 செ.மீ.' விதியைப் பின்பற்றி, அட்டையை 30 செ.மீ.-இல் வையுங்கள். பிம்பம் மங்கலாக இருக்கும். இதற்கு உண்மையில் தேவை 8.3 செ.மீ.

3. அட்டையைத் தொடாமல் மெழுகுவத்தியை மட்டும் மெல்லப் பின்னால் நகர்த்துங்கள். ஏறத்தாழ 1.5 மீட்டரில் பிம்பம் தெளியும். ஜூபிடர் லென்சு கண்ணை விட்டுப் பின்னால் தெளிவைத் தேடியது இப்படித்தான்.

4. மெழுகுவத்தியை மீண்டும் 1 மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். கறுப்புத் தாளில் 5 மி.மீ. துளையிட்டு, லென்சை ஒட்டிப் பிடியுங்கள். பிம்பத்தின் ஒளி குறையும், மங்கலும் குறையும். எஃப் 8-இல் பிழை மறைந்த காரணம் விளங்கும்.

எச்சரிக்கை: லென்சு வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது.

வீட்டில் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் காமிராவும் வேற்று நிறுவன லென்சும் இருந்தால் இன்னொரு சோதனை. 5 தீப்பெட்டிகளுக்கு எண்ணிட்டு, ஒவ்வொன்றும் முன்னதைவிட 3 செ.மீ. பின்னால் இருக்குமாறு சாய்வாக வரிசைப்படுத்துங்கள். நடுவிலுள்ள 3-ஆம் பெட்டி காமிராவிலிருந்து 1 மீட்டரில் இருக்கட்டும். அதைக் குறிவைத்து, துளையை முழுதும் திறந்து ஒரு படம், எஃப் 8-இல் ஒரு படம் எடுங்கள். பிலிமைக் கழுவிப் பார்த்தால், எந்தப் பெட்டி தெளிவாக இருக்கிறது என்பது லென்சு எந்த மொழி பேசுகிறது என்பதைச் சொல்லிவிடும். முக்கியமான நிகழ்ச்சி ஒன்றைப் படம் எடுப்பதற்கு முன் ஒரு பிலிமை இதற்குச் செலவிடுவது வீண் செலவாகாது.

யோசியுங்கள்

35 மி.மீ. குவியத் தொலைவுள்ள லென்சு, 1 மீட்டரிலுள்ள பொருளுக்கு எவ்வளவு முன்நகர வேண்டும்? அதன் பின்வளையம் கண்ணாடியைவிட வேகமாக நகர வேண்டுமா, மெதுவாக நகர வேண்டுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டு தொழிற்சாலைகள். நடுவே கடலும் கண்டமும். அவை செய்த இரு பொருள்கள் ஒருவர் கையில் சேர்ந்து, ஒரு மயிரிழையும் பிசகாமல் ஒத்துழைத்தன. அதற்குக் காரணம் 39, 28.8, 51.6 என்ற மூன்று எண்களும், அவற்றை உண்மையாகக் கடைந்த கைகளும்தான். அளவுகோலை எடுக்கும்போதெல்லாம் இதை நினைவில் வையுங்கள்.